லிம்பரூ என்று அச்சடித்த உறை

பக்கத்து வீட்டு விக்டோரின் ஓடி வரும்போதே நல்ல சேதி இல்லை என்று மாட்லெனுக்குத் தெரிந்துவிட்டது. விக்டோரின் எதற்கும் ஓடாதவள். மீன் வண்டி வந்தால்கூட நடந்துதான் போவாள்.

"கொட்டகைக் கேட்டுல ஓலை தொங்குது," என்றாள்.

எந்த ஓலை என்று மாட்லென் கேட்கவில்லை. மலேக்குலாத் தீவில் ஒருத்தி இப்படிச் சொன்னால் அது நமேலே ஓலைதான். பார்ப்பதற்குத் தென்னங்கீற்றின் தம்பி மாதிரி இருக்கும். குட்டை, விறைப்பு. ஒரு குலத்துப் பெரியவர் அதை ஓர் இடத்தில் கட்டிவிட்டால், கட்டியவரைத் தவிர வேறு யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. உள்ளே இருப்பதில் ஒரு துரும்பைக்கூட வெளியே எடுக்கக் கூடாது. மீறினால் பன்றி கொடுத்து மன்னிப்புக் கேட்பதோடு முடியாது. பேரன் காலம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

அடுப்பில் வெந்துகொண்டிருந்த கிழங்கை அப்படியே விட்டுவிட்டு மாட்லென் கிளம்பினாள்.

கொட்டகை சரிவின் அடியில் இருந்தது. மேலே தகரம், நான்கு பக்கமும் திறப்பு, சுற்றிலும் கம்பி வேலி. உள்ளே மூன்று மரப்பெட்டிகள் படி மாதிரி ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இருந்தன. மேல் பெட்டி நிறைய கொக்கோ விதை, வெள்ளைச் சதையோடு, வாழை இலை போர்த்திக் கிடந்தது. சரிவு முழுக்கப் பழுத்த காய்களை ஊர்ப் பெண்கள் பறித்து உடைத்து முந்தாநாள் கொட்டியது. இன்று காலை அதைக் கிளறி இரண்டாம் பெட்டிக்குத் தள்ள வேண்டும். காற்றுப் பட்டால்தான் விதைக்குச் சூடு ஏறும். சூடு ஏறினால்தான் கசப்பு இறங்கும், சாக்லேட்டுக்கு உண்டான மணம் உள்ளே உட்காரும். தள்ளாமல் விட்டால் பெட்டியோடு அழுகிவிடும். அழுகினதைக் காயவைத்து, வறுத்து, எத்தனை சர்க்கரை போட்டாலும் அந்த நாற்றம் போகாது.

வேலிக்கு வெளியே நின்றபடி மாட்லென் பெட்டியைப் பார்த்தாள். கூப்பிடு தூரம்கூட இல்லை. நாலு எட்டு வைத்தால் வாழை இலையைத் தூக்கிவிடலாம். கேட்டில் குறுக்காக இரண்டு ஓலைகள், பச்சை மாறாமல், அழகாகக் கட்டப்பட்டிருந்தன. அந்த முடிச்சு யாருடையது என்று ஊருக்கே தெரியும்.

"மசிங் மாமா," என்றாள் விக்டோரின். "அந்த மனுசனுக்கு நாம என்ன பண்ணோம்?"

மாட்லென் கேட்டுக்கு நெருங்கிக் குனிந்தாள். ஓலைக்கு நடுவில் ஒரு சாக்லேட் உறை செருகியிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். பழுப்புக் காகிதம். அதன்மேல் தங்க நிறத்தில் பெரிய எழுத்தில் லிம்பரூ என்று அச்சடித்திருந்தது. 

தலைநகரமான போர்ட்விலாவில் சின்னதாக ஒரு சாக்லேட் பட்டறை வைத்திருந்தாள் ஜோசியான் என்ற அம்மாள். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்த்து, பிடித்த இடத்து விதையை மட்டும் வாங்கி, வேறெதோடும் கலக்காமல் சாக்லேட் போடுவாள். பக்கத்துத் தீவில் ஒரு ஊர்க்காரர்கள் புகை வாடை பிடித்த ஒரு மூட்டையை நடுவில் வைத்து அனுப்பினார்கள் என்பதற்காக, அந்த ஊர்ப்பக்கமே அவள் திரும்பவில்லை. போன வருஷம் மாட்லெனின் விதையை எடுத்துப் போனவள், ஒரு நாள் போன் போட்டு, உறையில் என்ன பேர் போடட்டும் என்று கேட்டாள். மாட்லென் ஊர்ப் பேரைச் சொன்னாள். அது பாதிரிமார் வைத்த பேர், தீவுக்குத் தீவு அந்தப் பேரில் ஒரு ஊர் இருக்கிறது, வேண்டாம் என்றாள் ஜோசியான். மரம் நிற்கிற மண்ணுக்கு என்ன பேர் என்று கேட்டாள்.

லிம்பரூ என்று மாட்லென் சொல்லிவிட்டாள்.

எல்லோரும் சொல்வதுதான். லிம்பரூவுக்குப் போறேன், லிம்பரூவில் மழை, லிம்பரூப் பக்கம் எலி அதிகம். வாயால் சொல்வதற்கு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் லிம்பரூ என்பது சரிவின் உச்சியில் ஆலமரத்தடியில் கல் நட்டிருக்கிற சடங்கு ஆட்டக்களத்தின் பேர். மசிங்கின் முப்பாட்டன்மார் பன்றி கொன்று பட்டம் வாங்கிய களம். இந்தத் தீவில் ஒரு களத்தின் பேரை எவன் தன்னுடையது என்று எழுதி வைக்கிறானோ, அவன் அந்த மண்ணையே கேட்கிறான் என்று அர்த்தம். அதை மாட்லென் அச்சடித்துத் தலைநகரத்துக் கடைகளில் விற்கக் கொடுத்திருக்கிறாள்.

போனில் பேசின அன்றைக்கு அவள் தலையில் இதெல்லாம் ஏறவே இல்லை. கையில் பிள்ளைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

நாளைக்குக் காலை விமானத்தில் ஜோசியான் வருகிறாள். இந்த வருஷம் முழுக்க விதையை இங்கேயே எடுப்பதா, வேறு தீவுக்குப் போவதா என்று இந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் முடிவு செய்வாள். அழுகின பெட்டியைக் காட்டினால் கதை முடிந்தது. அப்புறம் பழையபடி, விறகுப் புகையில் விதை காயவைக்கிற கொட்டகைக்காரனிடம் அவன் சொன்ன விலைக்கு ஈர விதையைக் கொட்டிவிட்டு வர வேண்டியதுதான்.

பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து வேலியோரம் நின்றார்கள். துக்க வீட்டில் பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அப்போதுதான் எல்சன் வந்தான். மாட்லெனின் கணவன் நுமாவுக்குத் தம்பி. கையில் காடு வெட்டும் கத்தி. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் நேரே கேட்டுக்குப் போய், கத்தி முனையை ஓலை முடிச்சில் வைத்தான்.

"எல்சன்."

"ஒரே வெட்டு அண்ணி. காஞ்சா எரியப்போற ஓலைதான இது?"

"வெட்டினா என்ன ஆகும்னு சொல்லு பாக்கலாம்."

அவன் முடிச்சையே பார்த்தான்.

"நான் சொல்றேன். நாளைக்கு மரத்துக்கு ஒரு ஓலை வரும். அப்புறம் நம்ம வீட்டு வாசலுக்கு ஒண்ணு. உங்கண்ணன் ஆஸ்திரேலியாவுல இருந்து மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊருக்கு வர்றப்ப, எங்க இறங்கறதுன்னு தெரியாம ரோட்டுல நிப்பாரு."

கத்தி அப்படியே இருந்தது.  ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவன் கத்தியை எடுத்து வேலிக்கம்பத்தில் ஓங்கி ஒரு வெட்டு வெட்டிவிட்டு, தள்ளிப் போய் உட்கார்ந்தான்.

மாட்லென் வீட்டுக்கு ஓடினாள். போன மாதம் முடைந்த பாய் ஒன்றையும் பெரிய சேனையாகப் பார்த்து ஒன்றையும் எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினாள். இருபக்கமும் அவர்களுடைய கொக்கோ மரங்கள். மாமனார் நட்டவை. அடிமரத்திலேயே காய் ஒட்டிக்கொண்டு தொங்கியது, மஞ்சளும் சிவப்புமாக. அவள் எதையும் பார்க்காமல் ஏறினாள்.

மசிங் பன்றிப் பட்டிக்கு வேலி அடித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்தாலும் உடம்பு நரைக்காத மனிதர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காணிக்கைத் தட்டு எடுப்பவர். அவள் பாயையும் கிழங்கையும் கீழே வைத்துவிட்டு ஓரமாகக் குந்தினாள். அவர் அந்தப் பக்கமே திரும்பாமல் இன்னொரு கம்பம் நட்டார். அப்புறம் இன்னொன்று.

"நுமா எங்க?" என்றார் கடைசியில், கம்பத்தைப் பார்த்து.

"ஆஸ்திரேலியாவுல ஆரஞ்சு பறிக்கப் போயிருக்காரு மாமா. உங்களுக்குத் தெரியாததா."

"அப்ப தம்பியை வரச் சொல்லு. மண்ணைப் பத்தி நான் பொம்பளைகிட்டப் பேசறதில்ல."

"பேரைச் சொன்னது நான்தான் மாமா. தெரியாம சொல்லிட்டேன்."

"தெரியாம சொன்னா வாய்ல வரும். காகிதத்துல வராது," என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளுக்குப் பயம் குறைந்திருக்கும். தன் மகள் போர்ட்விலாவிலிருந்து அந்த உறையைக் கொண்டு வந்து, அப்பா நம்ம களத்தோட பேரு சாக்லேட்ல வந்திருக்கு, நீங்களா குடுத்தீங்க என்று கேட்டதைச் சொன்னார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லையாம். எல்சன் ஆலமரத்தடிக்கு வர வேண்டும், நாலு பேர் முன்னால் லிம்பரூ யார் பேர் என்று தான் கேட்பேன், அவன் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பாயையும் கிழங்கையும் திருப்பி எடுத்துப் போகச் சொன்னார்.

இறங்கும்போது நுமாவுக்குப் போன் போட்டாள். தோட்டத்தில் இடைவேளை நேரம். பின்னால் ஆட்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் சொன்னதைக் கேட்டதும் அந்தச் சிரிப்புச் சத்தம் தள்ளிப் போனது.

"சொல்லாத," என்றான். "எல்சன் வாயாலயும் சொல்ல வைக்காத. இன்னிக்குப் பேரு உங்களுதுன்னு சொன்னா, நாளைக்கு மண்ணும் உங்களுதுதானேன்னு கேப்பாங்க. அப்புறம் மரம் யாருது?"

"மரம் இருக்கும். பெட்டிக்குள்ள இருக்கற கொட்டை இருக்காது."

"ஒரு பெட்டி போனாப் போகுது."

"ஒரு பெட்டி இல்லீங்க இது," என்றாள். அவனுக்குக் கேட்டதா தெரியவில்லை. அங்கே யாரோ மணி அடித்தார்கள். இணைப்பு போய்விட்டது.

வெயில் உச்சிக்கு வந்தது. கொட்டகைப் பக்கமிருந்து ஒரு வாடை வரத் தொடங்கியது. இன்னும் நாற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

எல்சனிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. அண்ணன் சம்மதித்துவிட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் ஓடியிருப்பான். நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டாள். அண்ணன் வேண்டாம் என்கிறார், நான் வேணும் என்கிறேன், நீ வந்து நில், என்ன தோன்றுகிறதோ அதைப் பேசு என்றாள். அவன் வெகுநேரம் மண்ணைக் கீறிக்கொண்டிருந்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு வந்தான்.

ஆலமரத்தடியில் மசிங்கின் ஆட்கள் வேர்மேல் உட்கார்ந்திருந்தார்கள். நட்ட கற்கள் பாசி பிடித்து நின்றன. எல்சன் களத்தின் நடுவில் நின்றான். பெண்கள் களத்துக்குள் வருவதில்லை. மாட்லெனும் விக்டோரினும் ஓரத்தில், பாதை முடிகிற இடத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

மசிங் ஊர் வழக்கப்படி தூரத்திலிருந்து தொடங்கினார். தன் அப்பாவுக்கு ஒரு தங்கை இருந்ததையும், அவளுக்கு ஒரு மகன் பிறந்ததையும், அவன்தான் எல்சனின் அப்பா என்பதையும், தாய்மாமன் முறைக்குத் தன் அப்பா அவனைச் சரிவுக்குக் கூட்டிப் போய் இங்கே நட்டுக்கொள் என்று சொன்னதையும் விவரித்தார். ஒருவரும் குறுக்கிடவில்லை. மாட்லெனுக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் பெட்டிக்குள் ஒரு விதை அழுகுகிற மாதிரி இருந்தது. சீக்கிரம், சீக்கிரம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே விரலை முறித்தாள்.

"இப்ப கேக்கறேன்," என்றார் மசிங். "லிம்பரூங்கறது யாரு பேரு?"

எல்சன் வாயைத் திறந்தான். மூடினான்.

ஆல இலைமேல் மழைத்துளி விழுகிற சத்தம் கேட்டது. எல்சன் தன் கால் விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் அண்ணன் தெரிந்தான், அப்பா தெரிந்தார், பிறக்காத பிள்ளைகள்கூடத் தெரிந்தார்கள். அவன் பேசப் போவதில்லை என்று மாட்லெனுக்குப் புரிந்துவிட்டது. பேசாமல் திரும்பினால் அதுவே பதில். ஓலை அங்கேயே காயும்.

"பேரு உங்களுது," என்றாள் மாட்லென்.

உட்கார்ந்த இடத்திலிருந்துதான் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் வேர்மேல் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். ஒரு கிழவர் கையிலிருந்த கம்பைக் கீழே விட்டார். அந்தக் களத்தில் ஒரு பெண் குரல் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். விக்டோரின் அவள் கையை இறுகப் பிடித்தாள். தப்புக்கு மேல் தப்பு செய்துவிட்டோம் என்று மாட்லென் நினைத்தாள்.

மசிங் மட்டும் திரும்பவில்லை. எல்சனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழைச் சத்தத்துல சரியாக் கேக்கல," என்றார். "யாரோ பேசின மாதிரி இருந்துச்சு. நீயா பேசின?"

எல்சன் நிமிர்ந்தான். அண்ணியை ஒரு பார்வை பார்த்தான்.

"ஆமா மாமா. நான்தான் பேசினேன்." மசிங் பக்கம் திரும்பினான். "பேரு உங்களுது. ஆனா மரம் எங்கப்பா வச்சது."

"மரத்தைப் பத்தி யாருடா கேட்டா? எங்கப்பா குடுத்த இடம் அது. குடுத்ததைத் திரும்ப இழுத்துக்கிட்டு வளைக்குள்ள ஓட நான் என்ன நண்டா?"

ஒருவர் சிரித்தார். அப்புறம் இரண்டு மூன்று பேர். கம்பைக் கீழே விட்ட கிழவர் அதை எடுத்துக்கொண்டார். மாட்லெனுக்குக் கண் நிறைந்தது, ஆனால் அழ நேரமில்லை. பெட்டி.

அடுத்த பேச்சில் அந்த நிம்மதியும் போனது. ஓலையை இறக்க வேண்டுமானால் பன்றி வெட்ட வேண்டும், பன்றி வெட்ட வேண்டுமானால் எல்லாக் குடும்பமும் கூட வேண்டும், சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள். எல்சன் தலையை ஆட்டினான். வேறென்ன செய்வான்?

மாட்லென் தன் மடியைப் பார்த்தபடி, யாருக்கும் சொல்லாததுபோலச் சொன்னாள்: "சனிக்கிழமை வரைக்கும் கொட்டை தாங்காது. இன்னிக்கு இருட்டறதுக்குள்ள திருப்பலைன்னா குப்பையிலதான் கொட்டணும்."

மசிங் தாடையைச் சொறிந்தார். ஓலையை இப்போதே அவிழ்த்தால் அவர் வார்த்தைக்கு மதிப்பு இருக்காது. அது அவளுக்கும் தெரியும். அவர் எழுந்து, வேர்மேல் இருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"கட்டினவன் உள்ள போகலாம்ல," என்றார்.

அப்படித்தான் அன்றைக்குச் சாயங்காலம், சன்ன மழையில், மசிங் தன் ஓலைக்கு அடியில் குனிந்து கொட்டகைக்குள் போனார். அவர் கொப்பரைத் தேங்காய் காயவைத்து விற்பவர். கொக்கோவைப் பறித்த கையோடு ஈரமாக விற்றுவிடுவாரே தவிர, புளிக்கவைத்ததே கிடையாது. மரத் துடுப்பைத் தலைகீழாகப் பிடித்தார். வேலியோரம் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஊரில் பாதிப் பேர் பின்னால் நின்றார்கள்.

"இலையை எடுங்க மாமா," என்றாள் மாட்லென். "எடுத்ததும் என்ன வாசம் வருதுன்னு சொல்லுங்க."

அவர் இலையைத் தூக்கினார். முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டார்.

"நாறுது."

மாட்லென் கம்பிக்கு இடையில் முகத்தை வைத்தாள்.

"எப்படி நாறுது மாமா? உங்க பன்னிப் பட்டி மாதிரியா?"

"என் பட்டி இதைவிடச் சுத்தம்," என்றார். குனிந்து மறுபடி மோந்தார். "ஆமா. அது மாதிரிதான். ஓரத்துல."

"ஓரத்தை அள்ளித் தனியாப் போடுங்க. மேல நிறம் மாறியிருக்கறதையும் தள்ளுங்க. அப்புறம் நடுவுல கையை விட்டு ஒரு பிடி எடுங்க."

அவர் அள்ளினார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பெட்டியின் ஓரத்திலிருந்து வழுவழுவென்று சாம்பல் பிடித்த விதைகள் வந்து விழுந்தன. மாட்லென் ஒவ்வொரு அள்ளலையும் எண்ணினாள். இன்னும் எவ்வளவு ஆழம் போகுமோ. கடைசியில் அவர் முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்தார். மூக்குக்குக் கொண்டுபோனார்.

அவர் நினைத்தால் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எல்லாம் போச்சு, கொட்டு என்று சொன்னால் அவள் வேலிக்கு வெளியே நின்று நம்பித்தான் ஆக வேண்டும். உள்ளே போய்ப் பார்க்கிற உரிமை இந்தத் தீவில் வேறு யாருக்கும் கிடையாது.

மசிங் வெகுநேரம் மோந்தார்.

"பயலுங்க காட்டுக்குள்ள ஈஸ்ட் போட்டுத் திருட்டுத்தனமாக் காய்ச்சுவானுங்களே," என்றார் மெதுவாக. "அந்த வாசம். இனிப்பா, காட்டமா."

"கோயில்ல தட்டு எடுக்கறவருக்கு அந்த வாசம் எப்படி மாமா தெரியும்?" என்றாள் விக்டோரின்.

"நீ வாயை மூடு."

வேலியோரம் சிரிப்பு வெடித்தது. மாட்லென் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். அந்த வாசம் என்றால் நடுப்பகுதி இன்னும் உயிரோடு இருக்கிறது, காற்றுக்குக் காத்திருக்கிறது.

"தள்ளுங்க மாமா. கீழ்ப் பெட்டிக்குத் தள்ளுங்க. அடியில இருக்கறது மேல வரணும். கட்டியா இருக்கறதை உடைங்க. துடுப்பைத் திருப்பிப் பிடிங்க, இன்னும் திருப்பி. ஆமா."

அவர் தள்ளினார். சட்டை உடம்போடு ஒட்டியது. நடுவில் ஒரு முறை நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். யாரும் உதவிக்குப் போக முடியாது. அவர் கட்டின ஓலை அவரையே உள்ளே தனியாக நிறுத்திவிட்டது. வெளிச்சம் மங்குகிற நேரத்துக்கு எல்லாம் இரண்டாம் பெட்டிக்குப் போய், புது வாழை இலை போர்த்தியாயிற்று. ஓரத்தில் குவிந்த அழுகலைப் பார்த்தால் பெட்டியில் கால்வாசி இருக்கும் போலிருந்தது.

"இப்ப நல்லாயிடுச்சா?" என்றார்.

"தெரியாது மாமா. காலையில தொட்டுப் பாத்தா சுடணும். சுடலைன்னா செத்துப் போச்சுன்னு அர்த்தம்."

அன்றிரவு நுமா போன் போட்டபோது அவள் களத்தில் நடந்ததைச் சொன்னாள். களத்துக் கணக்குப்படி, பேர் அவர்களுடையது என்று சொன்னது எல்சன் என்றாள்.  அப்ப மரம், என்றான் நுமா. மரம் நம்முடையது, அவர் ஆட்கள் முன்னால் அவர் வாயாலேயே வந்துவிட்டது, உங்கள் அப்பா காலத்திலும் யாரும் இதைச் சத்தமாகச் சொன்னதில்லை என்றாள்.  பெட்டி பிழைக்குமா என்று கேட்டான். தெரியாது என்றாள்.

விடியும்போது மாட்லென் வேலிக்குப் போனாள். மசிங் ஏற்கெனவே உள்ளே நின்றிருந்தார். எப்போது வந்தாரோ. இலையின் ஒரு ஓரத்தைத் தூக்கிக் கையை உள்ளே விட்டார்.  

அவர் கையை வெடுக்கென்று வெளியே இழுத்து உதறினார்.

"சுடுது," என்றார், அவள்மேல் கோபப்படுவதுபோல. "முன்னாடியே சொல்லக் கூடாதா?"

அப்போதுதான், விதை சரியாகப் புளிக்கிறது என்று சொல்கிற காடி வாசம் வேலி தாண்டி வந்தது. புளிப்பாக, கூர்மையாக, மூக்கைச் சுண்டுகிற மாதிரி. மாட்லென் கம்பத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

ஜோசியான் விமான நிலையத்திலிருந்து வண்டியில் வந்து இறங்கினாள். கேட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவளும் இந்த நாட்டுக்காரிதான், யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஓலைக்கு நடுவில் தன் கடை உறையைக் கண்டதும் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வேலியோரம் நடந்து வந்து, மூக்கை நீட்டி மோந்தாள். உள்ளே இருந்தவரிடம் ஒரு விதையை வெட்டிக் காட்டச் சொன்னாள். மசிங் வெட்டி, வேலிக்கு உள்ளேயே உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஊதா நிற விதையின் ஓரத்தில் பழுப்பு ஏறத் தொடங்கியிருந்தது.

"எப்ப திருப்பினது?" என்றாள் மாட்லெனைப் பார்த்து. "லேட்டு மாதிரி இருக்கே."

மாட்லென் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து பதில் வந்தது.

"காலையில திருப்பியிருக்கணும். சாயங்காலம்தான் திருப்பினேன். ஓலை என்னுது. அவ மேல தப்பில்ல."

ஜோசியான் இன்னும் இரண்டு விதை வெட்டச் சொல்லிப் பார்த்தாள். நேரம் எடுத்துக்கொண்டாள். ஓரத்துக் குவியலையும் பார்த்தாள். அது வேண்டாம், ஒன்றுகூட உள்ளே கலக்கக் கூடாது என்றாள். மற்றதைக் காயவைத்து அனுப்புங்கள், வறுத்துப் பார்த்துத்தான் கடைசி வார்த்தை சொல்வேன், ஆனால் நாற்றம் பிடித்த சரக்கு இல்லை இது, வருஷம் முழுக்க இங்கேயே எடுக்கப் பார்க்கிறேன் என்றாள். விக்டோரின் கையைத் தட்டப் போனாள், மாட்லென் பிடித்துக்கொண்டாள். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"அந்தப் பேரு எங்களுது இல்லீங்க," என்றாள் ஜோசியானிடம். "நான் சொல்லியிருக்கக் கூடாது. அது இவங்க களத்தோட பேரு."

ஜோசியானின் முகம் விழுந்தது. அச்சடித்த உறை கட்டுக்கட்டாகக் கிடக்கிறது, கடைக்காரர்கள் அந்தப் பேரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள் என்றாள். பிறகு வேலிப்பக்கம் திரும்பி, பெரியவரே, நான் உங்களைக் கேட்டிருக்க வேண்டும், இப்போது கேட்கலாமா என்றாள்.

"நீ இல்ல," என்றார் மசிங். துடுப்பால் மாட்லெனைக் காட்டினார். "அவ கேக்கட்டும்."

மாட்லென் சுற்றுமுற்றும் எல்சனைத் தேடினாள்.

"அவனை ஏன் தேடற? நேத்து மட்டும் அவன் வாயாலயா பேசின?"

பெண்கள் சிரித்தார்கள். மாட்லென் வேலிக்கு நெருக்கமாக வந்தாள். 

"மாமா, லிம்பரூன்னு போட்டுக்கலாமா?"

 அவர் சரிவை அண்ணாந்து பார்த்தார், ஆலமரத்தின் தலை தெரிகிற வரைக்கும்.

"இந்த வருசத்துக்குப் போட்டுக்க."

"அடுத்த வருசம்?"

"அடுத்த வருசமும் வந்து கேளு."

கேட்கிறேன் என்றாள். அவர் திரும்பி இலையைத் தட்டிவிட்டு, தன் பன்றிகளுக்குத் தீனி போடப் போக வேண்டும் என்று முணுமுணுத்தபடி கேட்டை நோக்கி நடந்தார்.

"மாமா, இடது ஓரத்துல இலை தூக்கிக்கிட்டு இருக்கு. காத்துப் போகுது பாருங்க."

மசிங் நின்றார். திரும்பிப் போய் அந்த ஓரத்தை அமுக்கினார்.

"நாளைக்கு மறுபடியும் திருப்பணும்," என்றாள் மாட்லென். "சனிக்கிழமை வரைக்கும் நீங்கதான்."